வாதுமை வண்டிகள்

ஹவானாவில் காப்பிடோலியோ மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிராத்தர்னிதாத் பூங்காவைச் சுற்றிப் பெருத்த உடம்புள்ள பழைய அமெரிக்கக் கார்கள் வரிசைகட்டி நிற்கும். பிளைமவுத், செவர்லே, பியூக், டாட்ஜ். பெரும்பாலானவை 1940களிலும் 1950களிலும் செய்தவை. நம் ஊர் ஷேர் ஆட்டோவைப் போலவே இவற்றுக்கும் ஒரு தடம் உண்டு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் உண்டு, வழியில் கை காட்டினால் நிறுத்தி ஏற்றிக்கொள்வதும் உண்டு. கியூபர்கள் இந்த வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் ‘அல்மெந்த்ரோன்’, பெரிய வாதுமைக் கொட்டை. ஓட்டுபவரை ‘போத்தெரோ’ என்பார்கள். படகோட்டி என்று அர்த்தம். ஏறும் ஆளிடம் படகோட்டி சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: கதவை மெதுவாகச் சாத்துங்கள். அந்தக் கதவின் கீல் ஏதோ ஒரு பட்டறையில் அடித்துச் செய்தது, பூட்டு வேறொரு வண்டியிலிருந்து வந்தது, அடிப்பகுதியில் துரு தின்ற இடமெல்லாம் தகரம் வைத்து வெல்டு அடித்துப் பட்டி பூசியது. ஓங்கிச் சாத்தினால் அன்றைக்கு வரும்படி போச்சு.

இந்தக் கார்களைப் பற்றி உலகம் சொல்லும் கதைகள் இரண்டு. அந்தக் காலத்து இரும்பு அவ்வளவு உறுதி, அதனால் தாக்குப்பிடித்தன என்பது ஒன்று. அமெரிக்கா வணிகத் தடை போட்டது, வேறு வழியில்லாமல் பழசை வைத்துக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டும் போதாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, தினமும் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் ஒரு இயந்திரத்தை ஒரு நகரமே விடாமல் பழுதுபார்த்து ஓட்ட வேண்டுமானால் அதற்குப் பின்னால் இன்னும் அழுத்தமான காரணம் இருக்க வேண்டும். அது அந்தக் காருக்குரிய பத்திரத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. புரட்சிக்குப் பிந்திய கியூபாவில் ஒரு சாதாரண மனிதர் ‘இது என்னுடையது’ என்று முழு உரிமையோடு சொல்லி, விற்று, வாங்கி, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய மிகச் சில பெரிய சொத்துகளில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று. சொத்தாக இருந்ததால்தான் அதன்மேல் இவ்வளவு உழைப்பு கொட்டப்பட்டது.

முதலில் இந்த வண்டிகள் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று நினைத்து டெட்ராய்ட் இவற்றைச் செய்யவில்லை. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரான ஆல்ஃபிரெட் ஸ்லோன், ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றினால் போன வருஷத்து வண்டியை வைத்திருப்பவருக்கு அது பழசாகத் தெரியும், புதிது வாங்க மனம் வரும் என்ற கணக்கில் அந்த நிறுவனத்தை நடத்தினார். 1927இல் அங்கே வடிவமைப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைமைக்கு வந்த ஹார்லி ஏர்ல் இந்தக் கணக்கை ஒரு கலையாகவே ஆக்கினார். வால்துடுப்பும் குரோமியப் பட்டையும் இரட்டை வண்ணமும் அப்படி வந்தவைதான். ஆனால் வருஷாவருஷம் மாறியது மேல்தோல் மட்டுமே. உள்ளே இருக்கும் எலும்பை அடிக்கடி மாற்றினால் செலவு தாங்காது. செவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் 1937 முதல் 1953 வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. அடியில் கனத்த சேஸ், அதன்மேல் தனியாக இறக்கி வைத்த பாடி, பின்னால் பிளேட் ஸ்பிரிங், நடுவே நீளமான ஒரு ஷாஃப்ட். இந்த அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக வேறுபடவில்லை. சீக்கிரம் தூக்கியெறியத் தூண்டுவதற்காக எடுத்த முடிவுதான், ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும் வசதியையும் கொண்டுவந்தது. ஒரு எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க அந்தப் பானட்டுக்கு அடியில் தாராளமாக இடம் இருந்தது. ஹவானாவின் மெக்கானிக்குகளுக்கு டெட்ராய்ட் தெரியாமலே விட்டுச்சென்ற சீதனம் அது.

ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்டுக்கும் ஹவானாவுக்கும் நடுவே கடல் ஏறக்குறைய 90 மைல்தான். 1950களில் கார்களை ஏற்றிவரும் கப்பலே இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடியது. சர்க்கரைப் பணம் புரண்ட ஹவானாவில் புது மாடல்கள் சுடச்சுட இறங்கின. 1959 ஜனவரியில் சர்வாதிகாரி பாட்டிஸ்டா நாட்டைவிட்டு ஓடினார், புரட்சி வென்றது. 1960 அக்டோபரில் அமெரிக்கா கியூபாவுக்கான ஏற்றுமதியைத் தடுத்தது. உணவும் மருந்தும் தவிர மற்றதெல்லாம் நின்றது. 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆணையோடு தடை முழுமையானது. புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு மயாமிக்குப் போனவர்களின் கார்கள் உறவினர் கைக்கோ அரசின் கைக்கோ வேலைக்காரர் கைக்கோ போயின. உதிரிப் பாகம் வரும் கதவு அடைபட்டது.

இங்கேதான் தடையையே முழுக் காரணமாகச் சொல்பவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களை மறுக்க அடுத்த முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் போதும். அமெரிக்கப் புதுக் கார் வரவில்லை என்பது மெய். ஆனால் கார் வராமல் இல்லை. மாஸ்க்விச், வோல்கா, லாடா என்று சோவியத் வண்டிகளும், போலந்திலிருந்து குட்டி ஃபியட் 126-உம் வந்தன. 1974இல் அர்ஜென்டினாவில் இருந்த அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளே வாஷிங்டனின் அனுமதியோடு ஃபோர்டு ஃபால்கனையும் டாட்ஜையும் கியூபாவுக்கு விற்றன. பற்றாக்குறை மட்டும்தான் காரணம் என்றால் இந்த வரத்தில் பழைய வண்டிகள் படிப்படியாக ஒதுங்கியிருக்க வேண்டும். தமிழருக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், பெட்ரோல் இல்லாத நிலையில், பழைய ஆஸ்டின்களையும் மொரிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சொட்டுப் பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை அன்று ஊரெல்லாம் தெரிந்த ஒன்று. வியக்கத்தக்க திறமைதான். ஆனால் தடை தளர்ந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் அந்த மண்ணெண்ணெய் ஓட்டம் நின்றுவிட்டது. பற்றாக்குறை ஒரு திறமையைப் பிறப்பிக்கும். பற்றாக்குறை நீங்கிய பிறகும் அதை வாழவைப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

கியூபாவில் அந்த வேறு ஏதாவது, சட்டம். சோவியத் கார்கள் கடையில் விற்கப்படவில்லை. வேலையிடத்தின் வழியாக, நல்ல உழைப்பாளி என்று பெயரெடுத்தவருக்கும், மருத்துவருக்கும், அதிகாரிக்கும், விளையாட்டு வீரருக்கும் ஒதுக்கப்பட்டன. அப்படிக் கிடைத்த காரை அவர் ஓட்டலாம். தன் விருப்பப்படி விற்க முடியாது. 1959 புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த கார்களுக்கு மட்டுமே தடையில்லாத விற்பனை உரிமை இருந்தது. கைமாற்றத்தக்க கார் என்ற பொருளில் அவற்றுக்கு ‘திராஸ்பாசோ’ வண்டிகள் என்றே பேர். இந்த நிலை 2011 வரை நீடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 292ஆம் ஆணைதான் மற்றக் கார்களையும் விற்கவும் வாங்கவும் வழிசெய்தது. ஐம்பது ஆண்டு காலம் கியூபாவில் காருக்கென்று வெளிப்படையாக ஒரு சந்தை இருந்தது என்றால் அது இந்தப் பழைய வண்டிகளின் சந்தைதான். இதன் விளைவை யோசித்துப் பார்க்க வேண்டும். லாடாவுக்கு எஞ்சின் மாற்றிப் பணம் போட்டால் அந்தப் பணம் சட்டப்படி திரும்பி வராது. செவர்லேக்குப் போட்டால் வண்டியின் விலை ஏறும். புதிய வண்டியில் போடும் காசு கரையும், பழைய வண்டியில் போடும் காசு நிற்கும் என்று ஆனபோது, உலகத்தில் வேறெங்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் ஒரு பொருளுக்கு ஹவானாவில் வாரிசுகள் கிடைத்தார்கள்.

2014 ஜனவரியில் அரசு புதுக் கார் விற்பனையைத் திறந்துவிட்டது. அப்போதாவது பழையவை ஒதுங்கியிருக்கும் என்று நினைக்கலாம். விலைப்பட்டியலைப் பார்க்கக் கூடிய கூட்டம் திகைத்துப்போய்த் திரும்பியது. பெஜோ 508 ஒன்றின் விலை 2,62,000 டாலருக்கு மேல். சின்ன பெஜோ 206-க்கே 91,000 டாலர். அந்த ஆண்டு நாட்டின் சராசரி மாதச் சம்பளம் 600 பெசோவுக்கும் கீழே, அதாவது 25 டாலருக்குள். சட்டத்தின் கதவு திறந்தும் விலை வாசலை அடைத்துவிட்டது. பழைய பிளைமவுத்தின் பத்திரத்துக்கு மதிப்புக் குறையவில்லை.

அந்த மதிப்பைக் காப்பாற்றத் தினமும் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை இரும்பின் உறுதியைப் பாடுபவர்கள் அருகே போய்ப் பார்த்ததில்லை. இந்தக் கார்கள் உறுதியானவை என்றால் அவை பிறந்த நாட்டில் ஏன் நிலைக்கவில்லை? அங்கே 1950களின் வண்டிகளில் பெரும்பாலானவை 1970களுக்குள் நொறுக்கப்பட்டன. ஹவானாவின் நிலைமை அதைவிட மோசம்; மலெக்கோன் கடற்கரைச் சாலையில் அலை சுவரைத் தாண்டித் தெறிக்கும்போது உப்புநீர் நேராகச் சேஸில் போய் உட்காருகிறது. நான் மேலே சொன்ன 216 எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனெக்டிங் ராடுகளில் கழற்றி மாற்றும் பேரிங் கிடையாது. வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றி, ஆறியபின் கடைந்து, சுரண்டிச் சரிசெய்த பேரிங். ஆயிலும் அழுத்தத்தோடு உள்ளே புகாமல் தெறித்துத்தான் போய்ச் சேரும். விரட்டி ஓட்டினால் கலவை உதிர்ந்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். 1954 வரை வந்த செவர்லேகளில் மின்சாரம் 6 வோல்ட். கம்பி முனைகளில் பச்சை பூத்தால் செல்ஃப் முனகிவிட்டு நின்றுவிடும், விளக்கு மஞ்சளாக மங்கும். வெப்பம் மிகுந்த நடுப்பகலில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிப் பம்பு இழுக்காமல் போகும். ஈரத் துணியைச் சுற்றிக் காத்திருக்க வேண்டியதுதான். பிரேக்கோ நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. எங்கேயாவது ஒரு ரப்பர் வெடித்தால் நாலும் ஒன்றாகப் போய்விடும்.

இவை ஒவ்வொன்றுக்கும் ஹவானா ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பெட்ரோல் குடிக்கும் ஆறு சிலிண்டருக்குப் பதில் டீசல் எஞ்சின். டொயோட்டா, ஹூண்டாய், பெர்கின்ஸ், எது கிடைத்ததோ அது. எஞ்சினுக்கும் பழைய கியர் பாக்ஸுக்கும் நடுவே பொருந்தாத இடத்துக்கு லேத்தில் கடைந்த ஒரு தட்டு. பிரேக்குக்கு லாடாவின் பாகங்கள். பிரேக் ஆயில் கிடைக்காத காலத்தில் ஷாம்புவையும் ஆல்கஹாலையும் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். ஹவானாவின் லேத்துக்காரர் இந்தப் பண்பாட்டின் நடுநாயகம் என்று சொல்வேன். புஷ்ஷும் பின்னும் பிஸ்டனுமாக அவர் கையால் கடைந்து கொடுப்பவை இல்லாவிட்டால் மற்ற எல்லாத் திறமையும் நின்றுபோகும். அரசும் இந்தப் போக்குக்கு எதிராக இருக்கவில்லை. 1961இல் தொழில்துறை அமைச்சராக இருந்த சே குவேரா, தங்கள் இயந்திரங்களைத் தாங்களே கட்டிக்கொள்ளும்படி தொழிலாளர்களை அழைத்தார். புதிதாகக் கண்டுபிடிப்பவர்களுக்கென்று ‘அனீர்’ என்ற நாடுதழுவிய சங்கம் பின்னால் உருவானது. 1992இல் இராணுவத்தின் பதிப்பகமே, மக்கள் தாங்களாகச் செய்துகொண்ட மாற்றுப் பொருள்களைத் திரட்டி ஒரு தடித்த புத்தகம் போட்டது. இவற்றையெல்லாம் சேகரித்து ஆராய்ந்த வடிவமைப்பாளர் எர்னெஸ்தோ ஒரோசா இந்த மனப்போக்குக்குத் ‘தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை’ என்று பெயர் வைத்தார். பொருளைச் செய்தவர் அதற்கு விதித்த பயனையும் ஆயுளையும் மதிக்காமல் அதைத் தன் தேவைக்கு வளைப்பது என்று அதை விளக்கலாம். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கீழ்ப்படியாமல் இருப்பதற்கும் ஒரு காலூன்றும் இடம் வேண்டும். அடுத்தவர் பொருளை யாரும் அறுத்து ஒட்டமாட்டார்கள்.

சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியபோது இந்தச் சொத்து சோறுபோடத் தொடங்கியது. எண்ணெய் இறக்குமதி சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே விழுந்தது. பஸ்கள் நின்றன, அரசு சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைத் தருவித்தது, லாரி இழுக்கும் ‘ஒட்டகம்’ என்ற ராட்சதப் பஸ்ஸில் மக்கள் பிதுங்கினார்கள். 1993இல் சுயதொழிலுக்குச் சட்டம் இடங்கொடுத்ததும் பழைய கார்கள் வாடகைக்கு இறங்கின. 1990களின் இறுதியில் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன, 2009இல் மறுபடி தரப்பட்டன. உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நீண்ட காலம் ஹவானாவில் குறுந்தடத்துக் கட்டணம் 10 பெசோ. ஐந்து பேரை ஏற்றினால் ஒரு நடைக்கு 50. பன்னிரண்டு நடை போனால் ஒரு அரசு ஊழியரின் மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும். அதில் டீசலும் உரிமக் கட்டணமும் லேத்துக்காரர் கூலியும் கழியும். வண்டி இன்னொருவருடையது என்றால் அவருக்கு நாள் வாடகை கட்ட வேண்டும். அத்தனையும் போக மிச்சம் நின்றது. அந்த மிச்சம்தான் அடுத்த பிஸ்டன் ரிங்காகவும் அடுத்த தகரமாகவும் வண்டிக்குள் திரும்பிப் போனது.

இன்னொரு மறுப்பும் வருவதுண்டு: எஞ்சின் ஜப்பான், பிரேக் ரஷ்யா, கதவு உள்ளூர், இதில் அமெரிக்கக் கார் எங்கே மிச்சம்? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பழைய வண்டி சேகரிப்பவர்கள் இவற்றில் பலவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், மூலப் பாகம் எதுவும் தேறாது என்பதால். ஆனால் இந்தக் கேள்வியே என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. எல்லாப் பாகமும் மாறிய பிறகும் அது ‘1952 செவர்லே’யாக நீடிப்பது பதிவேட்டில் அப்படி எழுதியிருப்பதால்தான். மற்றதெல்லாம் தேய்ந்தது, துருப்பிடித்தது, கழன்றது. தேயாமல் இருந்தது உரிமை மட்டுமே.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது, அதை நான் முழுதாகத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. இது வறுமை, இதை அழகென்று கொண்டாடுவது கொடுமை என்கிறார்கள். சீட் பெல்ட் இல்லாத, மோதினால் வளையாத ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிற, ஷாம்புவை நம்பி நிற்கிற வண்டியில் தினமும் பள்ளிப்பிள்ளைகள் போகிறார்கள். தேய்ந்த டீசல் எஞ்சினின் கரும்புகை சன்னல் வழியாக வீட்டுக்குள் போகிறது. சுற்றுலாப் பயணிக்காக மேல்கூரையை அறுத்து இளஞ்சிவப்பு அடித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் காரைப் பார்த்து ஹவானாவை மதிப்பிடுபவர்கள் இந்தப் புகையை முகர்ந்ததில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டபின் ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல பஸ் இருந்திருந்தால் அந்த நகரத்துக்கு இந்த வண்டிகள் தேவைப்பட்டிருக்காது என்பது, இவற்றை ஓட்டவைத்தவர்களின் உழைப்பைச் சிறிதாக்காது. அவர்கள் வறுமையைக் கொண்டாடவில்லை. வறுமைக்குள் தங்களுக்கென்று சட்டம் விட்டுவைத்த ஓர் இடத்தை இழக்காமல் காத்தார்கள்.

அந்த இடம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 2003 ஜூலையில் ஒரு காட்சி கிடைத்தது. 1951 செவர்லே லாரி ஒன்றின் அடியில் காலி எண்ணெய் டிரம்களைக் கட்டி, பின்னால் ஓடும் ஷாஃப்டில் ஒரு சுழல்விசிறியை மாட்டி, பன்னிரண்டு பேர் ஃப்ளோரிடாவை நோக்கிக் கடலில் ஓட்டிக்கொண்டு போனார்கள். பச்சை நிற லாரி, லாரியாகவே, தண்ணீருக்குமேல் நகர்ந்தது. கரைக்கு இன்னும் சுமார் 40 மைல் இருக்கும்போது அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழிமறித்தது. ஆட்களைக் கியூபாவுக்குத் திருப்பியனுப்பிவிட்டு, லாரியைச் சுட்டு மூழ்கடித்தது. அடுத்த பிப்ரவரியில், அதே ஆட்களில் சிலர் உள்பட ஒரு கூட்டம் 1959 பியூக் ஒன்றைப் படகாக்கிக்கொண்டு மறுபடி கடலில் இறங்கியது.

இன்று இந்த வண்டிகளின் முன்னால் நிற்கும் சிக்கல் லேத்தில் கடைந்து தீர்க்கக்கூடியதாக இல்லை. 2024 மார்ச் 1 அன்று கியூபாவில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 25 பெசோவிலிருந்து 132 பெசோவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் பல நாள் பம்பில் எரிபொருள் இருப்பதில்லை. சீனத்து மின்சார மூன்று சக்கர வண்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன. பட்டறைப் பையன்கள் பலர் நாட்டைவிட்டே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 60,000 பழைய அமெரிக்கக் கார்கள் தீவில் இருப்பதாக நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவற்றில் எத்தனை நாளை காலை ஃபிராத்தர்னிதாத் பூங்காவுக்கு வந்து சேரும் என்பதை இப்போது டீசல் வரிசைதான் முடிவுசெய்கிறது. வந்து சேரும் வண்டியில் ஏறுபவரிடம், கதவை மெதுவாகச் சாத்தும்படி படகோட்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.